புதிய ஓட்டுநருக்கான தகுதிகாண் பருவமும் தண்டப் புள்ளிகளும்: ஒரு வரலாறு

தண்டப் புள்ளி முறை என்பது, சாலை விதியை மீறும் ஓட்டுநரின் பெயரில் ஒவ்வொரு மீறலுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புள்ளிகளைப் பதிந்து, அவை ஓர் எல்லையைத் தொட்டதும் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைக்கும் அல்லது ரத்து செய்யும் முறையாகும். தகுதிகாண் பருவம் என்பது, புதிதாக உரிமம் பெற்றவரை ஓராண்டோ ஈராண்டோ கூடுதல் கண்காணிப்பில் வைத்திருக்கும் ஏற்பாடாகும். உலகின் பல நாடுகளில் இவ்விரண்டும் இணைந்தே செயல்படுகின்றன. இந்தியாவில் புதிய ஓட்டுநருக்கெனத் தனியான தகுதிகாண் பருவம் சட்டத்தில் இடம்பெறவில்லை. புள்ளி முறை 2014-ஆம் ஆண்டு வரைவு மசோதா ஒன்றில் முன்மொழியப்பட்டு, சட்டமாகாமல் நின்றது. ஆனால் அதன் வித்து 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அந்த வரலாற்றையும், நாமக்கல் மாவட்டம் காளப்பநாயக்கன்பட்டி, கொல்லிமலை போன்ற பகுதிகளுக்கு அது ஏன் முக்கியம் என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

சொல் விளக்கம்

"தகுதிகாண் பருவம்" என்ற சொல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நன்கு பழக்கமானது. அரசுப் பணியில் சேர்பவர் தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணியாற்றித் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். தேர்வில் தேறினால் மட்டும் போதாது, வேலையிலும் தேற வேண்டும் என்பதே இதன் உட்பொருள். வாகனம் ஓட்டுவதிலும் கருத்து இதுவே. ஆர்.டி.ஓ. அலுவலகத் திடலில் எட்டுப் போட்டுக் காட்டுவது ஒரு தேர்வு. மழை பெய்யும் இரவில், எதிரே லாரி வரும் சாலையில் நிதானம் தவறாமல் ஓட்டுவது வேறொரு தேர்வு. இந்த இரண்டாவது தேர்வுக்கான கால அளவே தகுதிகாண் பருவம்.

உலக அளவில் தோற்றம்

இங்கிலாந்தில் 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தின்படி 1904 ஜனவரி 1 முதல் ஓட்டுநர் உரிமம் கட்டாயமானது. அன்று தேர்வு எதுவும் கிடையாது. கட்டணம் செலுத்தியவர் உரிமம் பெற்றார். கட்டாய ஓட்டுநர் தேர்வு 1935 ஜூன் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. உரிமம் வழங்குவதற்கும் திறமையைச் சோதிப்பதற்கும் இடையே 31 ஆண்டுகள் கடந்தன.

தவறுகளைப் புள்ளியாகக் கணக்கிடும் வழக்கம் 1940-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது. ஜப்பான் 1969-இலும், அன்றைய மேற்கு ஜெர்மனி 1974-இலும் இதை ஏற்றன. இங்கிலாந்தில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம், 3 ஆண்டுகளுக்குள் மூன்று முறை உரிமத்தில் தவறு குறிக்கப்பட்டால் 6 மாதத் தகுதியிழப்பு என்றது. இம்முறையில் சிறு தவறும் பெருந்தவறும் ஒரே எடையில் வைக்கப்பட்டன. இக்குறையைப் போக்க, 1982 நவம்பர் 1 முதல் புள்ளி முறை வந்தது. அதன்படி 3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் வாகனம் ஓட்ட முடியாது. பிரான்சு 1992-இல் இதைத் தலைகீழாக அமைத்தது. அங்கு ஓட்டுநர் புள்ளிகளைக் கையில் வைத்துத் தொடங்குகிறார், தவறு செய்யச் செய்ய அவை குறைகின்றன.

புதியவர்களுக்கான தனி விதிகள் இதன் பிறகே வலுப்பெற்றன. ஜப்பானில் 1972 முதல், உரிமம் பெற்று ஓராண்டு ஆகாதவர் தம் காரில் பச்சையும் மஞ்சளும் கலந்த இளந்தளிர் சின்னத்தை ஒட்ட வேண்டும். மேற்கு ஜெர்மனி 1986-இல் 2 ஆண்டுத் தகுதிகாண் உரிமத்தைக் கொண்டுவந்தது. அக்காலத்தில் கடுமையான தவறு செய்தவர் சிறப்புப் பயிற்சி வகுப்புக்குச் செல்ல வேண்டும். நியூசிலாந்து 1987-இல், உரிமத்தையே படிப்படியாக வழங்கும் முறையைத் தொடங்கியது.

இங்கிலாந்தின் புதிய ஓட்டுநர் சட்டம் 1995-இல் நிறைவேறி, 1997 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முதன்முதலாகத் தேர்வில் தேறிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் பெற்றால் உரிமம் ரத்தாகும். அவர் மீண்டும் பழகுநராகி, எழுத்துத் தேர்வையும் ஓட்டுத் தேர்வையும் புதிதாக எழுத வேண்டும். கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதற்கு அங்கு 2017 மார்ச் முதல் 6 புள்ளிகள் விதிக்கப்படுகின்றன. எனவே புதியவருக்கு அந்த ஒரே தவறு உரிமத்தைப் பறித்துவிடும்.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் அனுபவம்

தமிழர்கள் கணிசமாக வாழும் சிங்கப்பூரில் 1983 முதல் ஓட்டுநர் மேம்பாட்டுப் புள்ளி முறை உள்ளது. புதிய ஓட்டுநருக்கு ஓராண்டு தகுதிகாண் பருவம். அந்த ஓராண்டில் அவர் ஆரஞ்சு நிற முக்கோணம் கொண்ட அட்டையை முன், பின் கண்ணாடிகளில் ஒட்டி வைக்க வேண்டும். அதற்குள் 13 குற்றப் புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றால் உரிமம் ரத்தாகும், தேர்வுகளை முதலிலிருந்து எழுத வேண்டும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கோ 24 மாதங்களில் 24 புள்ளிகள் என்பது எல்லை. சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 புள்ளிகள். அதாவது, புதியவர் ஒருமுறை சிவப்பு விளக்கைத் தாண்டினால் தப்பலாம். அதன் பிறகு வேறு எந்தச் சிறு தவறுக்குப் புள்ளி விழுந்தாலும் உரிமம் போய்விடும்.

மலேசியாவில் புதிய ஓட்டுநருக்கு 2 ஆண்டுகள் தகுதிகாண் உரிமம் வழங்கப்படுகிறது. அக்காலம் முழுவதும் வாகனத்தில் "பி" என்ற எழுத்து ஒட்டப்பட்டிருக்கும். 1997-ஆம் ஆண்டுப் புள்ளி விதிகள் அங்கு இதனுடன் இணைந்தன. சிங்கப்பூர், மலேசியா சென்று வேலை செய்து திரும்பிய நம் ஊர்க்காரர்கள் பலர் இவ்விதிகளை நேரில் அறிந்தவர்களே.

இந்தியாவில்: சட்டங்களின் வரிசை

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-ஆம் ஆண்டினது. உரிமம் இன்றி ஓட்டக்கூடாது, 18 வயது நிரம்பாதவர் ஓட்டக்கூடாது என்ற அடிப்படைகளை அது வகுத்தது. அதற்குப் பதிலாக 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் உள்ளது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். இது 1989 ஜூலை 1 முதல் செயல்படுகிறது.

1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தவறு செய்த ஓட்டுநரின் உரிமத்திலேயே நீதிமன்றம் தண்டனை விவரத்தைக் குறித்து அனுப்பும் முறை இருந்தது. ஓட்டுநர்கள் இதை "எண்டார்ஸ்மெண்ட்" என்பார்கள். அன்றைய உரிமம் சிறு புத்தக வடிவில் இருந்ததால், அதற்கென்று பக்கங்களும் இருந்தன. லாரி வேலை கேட்டு வருபவரின் உரிமத்தைப் புரட்டினாலே, அதில் எழுதப்பட்டிருக்கும் தண்டனைகள் முதலாளியின் கண்ணில் பட்டுவிடும்.

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24, 25-ஆம் பிரிவுகள் இம்முறையைத் தொடர்கின்றன. உரிமத்தைப் புதுப்பித்தாலும், மறுநகல் வாங்கினாலும் பழைய குறிப்பு புதிய உரிமத்துக்கு மாற்றப்பட வேண்டும். கடைசிக் குறிப்புக்குப் பின் தொடர்ந்து 3 ஆண்டுகள் புதிய குறிப்பு எதுவும் விழாவிட்டால், குறிப்பே இல்லாத தூய உரிமத்தைக் கேட்டுப் பெறும் உரிமை ஓட்டுநருக்கு உண்டு. தவறு வேக வரம்பை மீறியது மட்டுமானால் ஓராண்டு போதும். தவறைப் பதிதல், காலக்கெடு வைத்தல், திருந்தியவருக்குக் கணக்கைத் துடைத்தல் ஆகிய மூன்றும் புள்ளி முறையின் உறுப்புகளே. இல்லாதது எண்ணிக்கை மட்டும்தான். இத்தனை சேர்ந்தால் தானாகவே உரிமம் போகும் என்ற எல்லைக்கோட்டை அச்சட்டம் வரையவில்லை. நாளடைவில் புத்தக உரிமம் போய் அட்டை உரிமம் வந்தபோது, குறிப்பு எழுதும் பக்கங்களும் கண்ணிலிருந்து மறைந்தன.

இந்தியச் சட்டத்திலுள்ள படிநிலைகள்

தகுதிகாண் பருவம் இல்லை என்றாலும், இந்தியச் சட்டத்தில் சில படிகள் உள்ளன.

முதல் படி பழகுநர் உரிமம். மக்கள் வழக்கில் இது எல்.எல்.ஆர். இது 6 மாதம் செல்லும். குறைந்தது 30 நாள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்குச் செல்ல முடியும். கார் பழகுபவரின் அருகில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு நிறத்தில் "எல்" எழுத்தை எழுதி வண்டியின் முன்னும் பின்னும் வைக்க வேண்டும்.

இரண்டாம் படி வயது. 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வாகனத்துக்கு 16, மற்றவற்றுக்கு 18, போக்குவரத்து வாகனத்துக்கு 20.

மூன்றாம் படி, நாமக்கல் பகுதி நன்கறிந்த "ஹெவி லைசென்ஸ்". இலகுரக வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருந்தவருக்கே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் வழங்கப்படும் என்று சட்டத்தின் 7-ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியச் சட்டத்தில் தகுதிகாண் பருவத்துக்கு மிக அருகில் இருப்பது இதுவே. எனினும் இலகுரக உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு, பயணிகள் வாகனங்களைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே சிறு சரக்கு வண்டிகளைப் பொறுத்தவரை இப்படி தாழ்ந்துவிட்டது.

ஓட்டுத் தேர்வில் தேறிய மறுநிமிடம், 18 வயது இளைஞரும் 30 ஆண்டு அனுபவமுள்ளவரும் சட்டத்தின் முன் சமம். "எல்" பலகை கழற்றப்படுகிறது. அதன் இடத்தில் வேறு எந்த அடையாளமும் வருவதில்லை.

2014 மசோதாவும் 2019 திருத்தமும்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை கோரி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 2014 ஏப்ரலில் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியில் கார் விபத்தில் உயிரிழந்தார். புதிய சட்டம் வேண்டும் என்ற பேச்சு சூடு பிடித்தது. 2014 செப்டம்பரில் சாலைப் போக்குவரத்து மற்றும் பாதுகாப்பு மசோதாவின் வரைவை மத்திய அரசு வெளியிட்டது. தண்டப் புள்ளிகள் சேர்ந்து ஓர் எல்லையைத் தொட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கும் முறை அதில் இடம்பெற்றிருந்தது. ஆனால் அந்த வரைவு சட்டமாகவில்லை.

இடைப்பட்ட காலத்தில், 2015 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றக் குழு மாநிலங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், அதிக பாரம் ஏற்றுதல், சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், கைப்பேசியில் பேசியபடி ஓட்டுதல் ஆகியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே அது.

பழைய சட்டத்துக்கான திருத்த மசோதா 2019-இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. அதன் பெரும்பாலான தண்டனைப் பிரிவுகள் 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபர் முதல் வசூலிக்கப்படுகின்றன. இத்திருத்தத்திலும் புள்ளிகள் இல்லை. ஆனால் மூன்று புதிய ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று, அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல், குடிபோதை, தலைக்கவசம் அணியாமை போன்றவற்றுக்குக் காவலர் உரிமத்தைக் கைப்பற்றி உரிம அலுவலருக்கு அனுப்பலாம். முதல் முறை 3 மாதத் தகுதியிழப்பு, மறுமுறை உரிமமே ரத்து என்ற நிலை வரலாம். இரண்டு, அவ்வாறு இழந்த உரிமத்தைத் திரும்பப் பெறப் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும். மூன்று, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனப் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தச் சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது.

இந்த மூன்றாவது விதி சிந்திக்கத்தக்கது. 17 வயதில் தவறு செய்தவருக்கு 8 ஆண்டு காத்திருப்பு. 18 வயது ஒரு நாளில் அதே தவறைச் செய்தவர், 40 வயதுக்காரருக்கான விதியின் கீழ் வருகிறார். இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு படி இல்லை.

புள்ளி முறையின் நடைமுறைச் சிக்கல்கள்

புள்ளி முறைக்கு முதல் தேவை, ஓட்டியவர் யார் என்று அறிவது. கேமரா படம் பிடிப்பது எண் பலகையை. அபராதச் சீட்டு செல்வது உரிமையாளருக்கு. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் உரிமையாளர் வீட்டில் இருப்பார், வண்டி மகாராஷ்டிரத்திலோ ஒடிசாவிலோ ஓடிக்கொண்டிருக்கும். பணத்தை உரிமையாளர் கட்டிவிடலாம். புள்ளியை அவர் தலையில் எழுத முடியாது. ஓட்டியவர் விவரத்தை உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று 133-ஆம் பிரிவு கூறுவதால், சட்டத்தில் வழி இருக்கிறது. அதை நாள்தோறும் பயன்படுத்துவதே தேவை.

இரண்டாவது, ஒருவருக்கு ஒரே உரிமம் என்ற நிலை. வேறு மாநிலத்தில் இன்னோர் உரிமம் வாங்க முடியுமானால் புள்ளிக்குப் பொருள் இல்லை. உரிம விவரங்களை நாடு முழுவதும் ஒரே கணினித் தொகுப்பில் சேர்க்கும் "சாரதி" ஏற்பாடு இக்குறையைக் களைய உதவுகிறது.

மூன்றாவது, வாழ்வாதாரம். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு உரிமம் போனால் பேருந்து இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு உரிமம் போனால் அடுப்பு எரியாது. இது நியாயமான அச்சமே. ஆனால் அபராதம் மட்டுமே உள்ள முறையிலும் அநீதி உண்டு. 1,000 ரூபாய் ஒருவருக்குத் தேநீர்ச் செலவு, மற்றொருவருக்கு இரண்டு நாள் கூலி. புள்ளியோ இருவருக்கும் ஒரே எடை. பல நாடுகளில் பயிற்சி வகுப்பில் கலந்துகொண்டோ, தவறின்றிக் குறிப்பிட்ட காலம் ஓட்டியோ புள்ளியைக் குறைத்துக்கொள்ள முடிகிறது. உழைத்து வாழும் ஓட்டுநரைக் காப்பது அந்த வாயில்தான்.

கொல்லிமலைச் சாலை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகச் செல்லும் சாலை, காரவள்ளியில் மலையடிவாரத்தைத் தொடுகிறது. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆடிப்பெருக்கையொட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும், அறப்பளீசுவரர் கோயிலுக்கும், ஆகாய கங்கை அருவிக்கும் வெளியூர் இளைஞர்கள் இருசக்கர வாகனங்களில் கூட்டமாக வருகிறார்கள். அவர்களில் பலர் சமதளத்தில் பழகியவர்கள், சமதளத்தில் தேர்வு எழுதியவர்கள்.

மலைச்சாலைக்குத் தனி இலக்கணம் உண்டு. வழி குறுகிய இடத்தில் இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது சாலை விதி. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அனுபவப் பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. எட்டுப் போடும் திடலில் இவற்றில் எதுவும் சோதிக்கப்படுவதில்லை. ஆயினும், இன்று உரிமம் பெற்றவர் நாளை பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு இந்த 70 வளைவுகளில் ஏறச் சட்டத்தில் தடை இல்லை.

2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். நாடு முழுவதும் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள்.

முடிவுரை

வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். ஆண்டு இறுதியில் ஒரே தேர்வு வைத்து, தவறினால் பள்ளியை விட்டே நீக்குவோம் என்று எந்தப் பள்ளியும் நடத்துவதில்லை. மாதத் தேர்வு, முன்னேற்ற அறிக்கை, பெற்றோர் கையொப்பம் என்று இடையில் பல எச்சரிக்கைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் செல்லும் மாணவர் கையில் அடுத்த சில மாதங்களில் வண்டிச் சாவி வந்துவிடுகிறது. அவருக்கு இத்தகைய இடைநிலை எச்சரிக்கை எதுவும் இல்லை. ஒன்று அபராதம், அல்லது விபத்து.

1939-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள், தவறு ஓட்டுநரின் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும் என்றும், திருந்தியவருக்கு அது அழிக்கப்பட வேண்டும் என்றும் கருதினர். அந்தப் புத்தகம் இன்று கணினியில் இருக்கிறது. அதில் எண்ணிக்கைக்கு ஒரு பத்தியும், புதியவருக்கு 2 ஆண்டுக் காலக்கெடுவும் சேர்ப்பது புதுமையான செயலன்று, பாதியில் நின்ற வேலையை முடிப்பதாகும். சட்டம் வரும்வரை அந்த 2 ஆண்டுகளை வீட்டிலேயே நடைமுறைப்படுத்த முடியும். இரவுப் பயணம் வேண்டாம், பின்னால் நண்பரை ஏற்ற வேண்டாம், மலைச்சாலையில் முதல் சில முறை அனுபவமுள்ளவர் உடன் வரட்டும் என்று சொல்லும் பெற்றோர், உலகின் பல நாடுகள் சட்டமாக எழுதி வைத்திருப்பதைத்தான் தம் பிள்ளைக்குச் சொல்கிறார்கள்.